முதல் பிஸ்டல் எது வாங்கலாம்? பாயிண்ட் 22-வா, ஏர் பிஸ்டலா? தக்கலை தம்பிக்கு ஒரு நீள பதில்

தக்கலைல இருந்து ஒரு தம்பி கேட்டிருந்தான். அவனுக்கு 24 வயசு, தங்கச்சி ஒம்பதாம் கிளாஸ், ரெண்டு பேருக்கும் ஷூட்டிங் கத்துக்கணும். பட்ஜெட் 40 ஆயிரம். அமெரிக்காவுல இருக்கிற சித்தப்பா பையன் "சும்மா யோசிக்காத, ரூகர் மார்க் 4 ஒண்ணு வாங்கு, பாயிண்ட் 22 தான் புதுசா சுடுறவனுக்கு பெஸ்ட்"னு சொல்லிட்டானாம். அது இங்க கிடைக்குமா, இல்லன்னா எது வாங்கலாம்னு கேள்வி.

தம்பி, உன் அண்ணன் சொன்னது தப்பே இல்ல, ஆனா அது அங்க உள்ள பதில். பாயிண்ட் 22 எல்ஆர்னு சொல்ற தோட்டா, அதாவது 0.22 அங்குல விட்டம் உள்ள குட்டித் தோட்டா, 1887-ல வந்தது, இன்னைக்கு வரைக்கும் உலகத்துல புதுசா பிஸ்டல் பிடிக்கிறவன் கையில அதத்தான் குடுக்காங்க. காரணம் ரொம்ப சாதாரணம், உதைப்பு கம்மி, சத்தம் கம்மி, தோட்டா விலை கம்மி. ரூகர் கம்பெனியே 1949-ல ஒரு பாயிண்ட் 22 பிஸ்டல வச்சுத்தான் ஆரம்பிச்சாங்க, அன்னைக்கு விலை முப்பத்தேழரை டாலர், அதோட பேரன்தான் இந்த மார்க் 4, 2016-ல வந்தது, பின்னாடி ஒரு பட்டன அமுக்கினா மொத்தமா கழண்டு வந்துரும், தொடைக்கிறதுக்கு சொகம். அங்க உள்ளவன் கடைக்குப் போயி பேப்பர்ல கையெழுத்து போட்டு வாங்கிட்டு வந்துருவான். இங்க அந்தக் கதை நடக்காது மக்கா.

இங்க பாயிண்ட் 22 பிஸ்டல் துப்பாக்கிச் சட்டத்துக்குள்ள வருது, 1959-ம் வருஷச் சட்டம். லைசென்ஸ் வேணும், 21 வயசு ஆகணும், நம்ம மாவட்டத்துல நாகர்கோவில் கலெக்டர் ஆபீஸ்ல அப்ளை பண்ணி, போலீஸ் வெரிஃபிகேஷன் முடிஞ்சு, எதுக்கு வேணும்னு காரணம் காட்டணும். 2019-ல திருத்தம் வந்தப்புறம் ஒரு ஆளு ரெண்டு துப்பாக்கிக்கு மேல வச்சுக்கிட முடியாது, லைசென்ஸ் அஞ்சு வருஷத்துக்கு ஒருக்க புதுப்பிக்கணும். வாங்குற தோட்டாவுக்கும் கணக்கு உண்டு. பேரெடுத்த ஷூட்டர்களுக்கு மட்டும் வெளிநாட்டுச் சாமானம் இறக்குமதி பண்ண தனி வழி இருக்கு, நேத்து ஆரம்பிச்சவனுக்கு அது கிடையாது. அண்ணன் லீவுக்கு வரும்போது பெட்டில வச்சு கொண்டு வந்துருவான்னு மட்டும் நினைச்சுராத, ஏர்போர்ட்லயே ரெண்டு பேரு வாழ்க்கையும் முடிஞ்சிரும்.

இன்னொரு குழப்பமும் இங்க உண்டு, அத முதல்லயே தீத்துருவோம். ஏர் பிஸ்டல்லயே, அதாவது வெடிமருந்து இல்லாம காத்து இல்லன்னா கேஸ் அழுத்தத்துல சுடுறதுலயே, பாயிண்ட் 22-னு ஒண்ணு இருக்கு, அது 5.5 மில்லிமீட்டர் பெல்லட், குட்டி ஈயக் குண்டு. "ஏர் கன்னுக்கு லைசென்ஸ் வேண்டாம்"னு எவனாவது சொன்னான்னா அது பாதி உண்மைதான். 2016 ஆயுத விதிப்படி ரெண்டு கணக்கு இருக்கு: குழல் விட்டம் 4.5 மில்லிமீட்டருக்கு மேல போகக்கூடாது, சக்தி 20 ஜூலுக்கு மேல போகக்கூடாது. ரெண்டும் உள்ள அடங்கினாத்தான் லைசென்ஸ் இல்லாம வச்சுக்கலாம். 5.5 வாங்கினா சக்தி கம்மியா இருந்தாலும் லைசென்ஸ் கணக்குல போயிரும். அதனால பாயிண்ட் 177, அதாவது 4.5 மில்லிமீட்டர், இது ஒண்ணத்தான் நீ பாக்கணும். ஒலிம்பிக்ல சுடுறதும் இதுதான், அதனால நஷ்டம் ஒண்ணும் இல்ல.

சக்திய பத்தி பயப்படாத. மேட்ச் ஏர் பிஸ்டல் அரை கிராம் பெல்லட்ட செகண்டுக்கு 150 மீட்டர் வேகத்துல தள்ளும், கணக்குப் போட்டா ஏறக்குறைய 6 ஜூல்தான் வருது. பாயிண்ட் 22 தோட்டா பிஸ்டல்ல இருந்து வந்தாலும் இதுக்கு இருபது மடங்கு, ஒன்றரை கிலோமீட்டர் தூரம் வரைக்கும் போகும். நம்ம ஊருல வீட்டுக்கு வீடு ஒட்டி விளையும் தோப்புமா கிடக்குது, ஒன்றரை கிலோமீட்டருக்குள்ள எத்தன வீடு, எத்தன ரப்பர் வெட்டுற ஆளு, எத்தன ஆடு மாடு. அதுக்காக 6 ஜூல் விளையாட்டுச் சாமானம்னும் நினைக்காத, கண்ணுல பட்டா கண்ணு போச்சு.

இப்ப ஏர் பிஸ்டல் ஏன் பாயிண்ட் 22-க்கு ஒரு மாத்து மட்டும் இல்ல, கத்துக்கிறதுக்கு அதவிட நல்லதுன்னு சொல்லுறேன். நான் காலேஜ்ல என்சிசில பாயிண்ட் 22 ரைஃபிள் சுட்டு வந்தவன், கையில ஒரு திமிரு இருந்துது. முதல் தடவ ரேஞ்சுல ஏர் பிஸ்டல் பிடிச்சப்ப கோச் ஒண்ணு பண்ணினாரு. நாலஞ்சு ஷாட் அவரே லோடு பண்ணிக் குடுத்தாரு, நானும் சுட்டேன், ஆறாவது ஷாட்டுக்கு எனக்குத் தெரியாம பெல்லட்டும் போடாம, காத்தும் அடிக்காம, சும்மா காக் பண்ணி, அதாவது ட்ரிக்கர மட்டும் இழுக்கத் தயாரா வச்சு, கையில குடுத்துட்டாரு. ட்ரிக்கர இழுத்தேன். சத்தம் வரல, ஆனா பிஸ்டல் மூக்கு மட்டும் ஒரு விரக்கடை கீழ குனிஞ்சுது. யாரும் உதைக்கல, என் மணிக்கட்டே வெப்ராளப்பட்டு குனிஞ்சுருக்கு. "பாத்தியாடே, துப்பாக்கி தப்பு பண்ணல, நீதான் பண்ணுற"ன்னாரு. பாயிண்ட் 22-ல இந்தக் குனிவு உதைப்புல மறைஞ்சு போயிரும், உனக்கே தெரியாது. ஏர் பிஸ்டல்ல மறைக்க இடமே இல்ல, பெல்லட்டும் மெதுவா போறதால சுட்டு முடிச்சு கைய அசைச்சா கூட கார்டுல, அதாவது குறி அட்டைல, தெரியும். சுட்டப்புறமும் ரெண்டு செகண்ட் அப்பிடியே நிக்கப் பழகுறது இதுலதான் வரும்.

சரி, எந்த பிஸ்டல். அதுக்கு முன்னாடி எதுக்கு வாங்குறோம்னு புரிஞ்சுக்க. பத்து மீட்டர் தூரம், கார்டு நடு தரைல இருந்து 1.4 மீட்டர் உயரம், பத்துப் பாயிண்ட் வட்டம் 11.5 மில்லிமீட்டர், அதாவது உன் சட்டை பட்டன் அளவு. ஒத்தக் கையால நிக்கணும், மணிக்கட்டுல கட்டு எதுவும் கூடாது, இன்னொரு கை பாக்கெட்ல. மேட்ச்னா 15 நிமிஷம் பழகிட்டு 75 நிமிஷத்துல 60 ஷாட். பிஸ்டல் ஒன்றரை கிலோவுக்குள்ள இருக்கணும், ட்ரிக்கர் குறைஞ்சது 500 கிராம் எடைய தாங்கணும். இந்த அறுபது ஷாட்ட சலிக்காம, கை கடுக்காம, ஒரே மாதிரி சுட விடுற பிஸ்டல்தான் நல்ல பிஸ்டல். வேகம் எவ்வளவு, இரும்புத் தகட்ட துளைக்குமா, தேங்காய ஒடைக்குமான்னு கடைக்காரன் காட்டுற வீடியோ எதுவும் உனக்கு வேண்டாம்.

முதல்ல ஒதுக்க வேண்டியத ஒதுக்கிருவோம். ஒண்ணு, நிஜ போலீஸ் பிஸ்டல் மாதிரியே அச்சு அசலா இருக்கிற பிபி பிஸ்டல். உருண்ட இரும்பு குண்டு போடுறது, குழலுக்குள்ள குண்ட சுழல விடுற வரி கிடையாது, பத்து மீட்டர்ல பத்துப் பாயிண்ட் வட்டத்த அதால தேட முடியாது, அந்த இரும்புக் குண்டு சுவத்துல பட்டா திரும்பி வரும். படத்துல ஹீரோ பிடிக்கிற மாதிரி இருக்குன்னு பையன்மாரு வாங்கிட்டு வந்து ஒரு வாரத்துல பரண்ல போடுறது இதத்தான். ரெண்டாவது, ஒடிச்சு லோடு பண்ற ஸ்பிரிங் பிஸ்டல். என் முதல் பிஸ்டல் அதுதான், யாருகிட்டயும் கேக்காம வாங்கினது. ஒவ்வொரு ஷாட்டுக்கும் குழல ஒடிக்கணும், இருபதாவது ஷாட்ல தோள்பட்ட போயிரும், ட்ரிக்கர் கிணத்துல தண்ணி எறைக்கிற மாதிரி இழுக்கணும், ஸ்பிரிங் முன்னாடி பாயும்போது பிஸ்டல் முன்னாலயும் பின்னாலயும் குதிக்கும். மூணு மாசம் மல்லுக்கட்டி, எனக்கு ஷூட்டிங்கே வராது போலன்னு முடிவு பண்ணிட்டேன். அப்புறம் கிளப்ல கிடந்த ஒரு பழைய ரஷ்யா பிஸ்டல, இஷ் 46 எம்னு பேரு, கைப்பிடி எல்லாம் பாலிஷ் போயி கறுத்துக் கிடந்துது, எடுத்து சுட்டேன் பாரு. அதே கை, அதே கண்ணு, கார்டுல ஓட்டை எல்லாம் நடுவுல உள்ள கறுப்பு வட்டத்துக்குள்ள வந்துட்டுது. அந்த மூணு மாசம் சுத்த வேஸ்ட்.

அந்த இஷ் பிஸ்டல் இனத்துக்கு ஒத்த இழுப்பு நியூமாட்டிக்னு பேரு, சிங்கிள் ஸ்ட்ரோக். கீழ ஒரு லீவர் இருக்கும், ஒருக்க இழுத்து மூடினா ஒரு ஷாட்டுக்கான காத்து உள்ள போயிரும். சிலிண்டர் இல்ல, கேஸ் இல்ல, யாரையும் நம்பி இருக்க வேண்டாம். காத்து ஒவ்வொரு தடவையும் ஒரே அளவு, அதனால ஷாட்டும் ஒரே மாதிரி. உதைப்பு கிடையாது. நம்ம மாவட்டம் மாதிரி இடத்துக்கு இதுதான் என் மனசுக்குப் பிடிச்ச சாமானம், பிற்பாடு ஏன்னு சொல்லுறேன். காமோ காம்பாக்ட்னு ஸ்பெயின்காரன் பிஸ்டலும் இதே இனம்தான், வேகம் கொஞ்சம் கம்மி ஆனா கைப்பிடிய அட்ஜஸ்ட் பண்ணலாம், ட்ரிக்கரும் அட்ஜஸ்ட் பண்ணலாம். குறை என்னன்னா அறுபது ஷாட்டுன்னா அறுபது இழுப்பு. உனக்கு பிரச்சனை இல்ல, ஒம்பதாம் கிளாஸ் பிள்ளைக்கு முப்பதுக்கு மேல கை நடுங்க ஆரம்பிச்சிரும். நீ இழுத்துக் குடு, அது சுடட்டும், ஆரம்பத்துல அப்பிடித்தான் பல வீட்டுல அப்பாமாரு பண்ணுவாங்க. அப்பிடி குடுக்கும்போது மூக்கு எப்பவும் கார்டு பக்கமே இருக்கணும், பெல்லட்ட போடுறது கடைசியா, அதுவும் சுடுறவ கையால.

அடுத்தது சிஓ2 பிஸ்டல், அந்த சோடா மெஷினுக்குப் போடுற மாதிரி 12 கிராம் குட்டி சிலிண்டர் போடுறது. சீனா சாமானம் ஆர்டெமிஸ் சிபி1 மாதிரி ஒத்த ஷாட் போல்ட் பிஸ்டல் உன் பட்ஜெட்டுக்குள்ள அடங்கும், மிச்சமும் கைல நிக்கும். லோடு பண்ண லேசு, பிள்ளைங்களுக்கு வசதி. ஆனா நம்ம ஊரு வெக்கையில இதுக்கு ஒரு கோளாறு. சிஓ2 பிரஷர் சூட்டப் பொறுத்து மாறும், 20 டிகிரில 57 பார், 30 டிகிரில 72 பார் பக்கம், 31 டிகிரி தாண்டினா அது திரவமாவே இருக்காது. காலைல ஆறு மணிக்கு சரி பண்ணி வச்ச குறி பாக்குற சைட்டு, பங்குனி மாசம் பதினொரு மணிக்கு மேல அடிக்கும். இன்னொண்ணு, வேகமா அடுத்தடுத்து சுட்டா சிலிண்டர் குளுந்து பிரஷர் எறங்கும், ஷாட்டும் கீழ எறங்கும். இதுல பழகுறவன் "எனக்கு இன்னைக்கு கை சரியில்ல"ன்னு நினைப்பான், கை சரியாத்தான் இருக்கும், கேஸ்தான் மாறிருக்கும். காலைல ஒரே நேரத்துல, ஷாட்டுக்கு ஷாட் ஒரு நிமிஷம் விட்டு சுட்டா ஓரளவு சமாளிக்கலாம். அப்புறம் அந்த சிலிண்டர் செலவு, ஒரு சிலிண்டர் ஒரு மேட்ச் அளவு ஷாட்டுக்கு ஒட்டி ஒட்டி வரும், மாசத்துக்கு எத்தன ஆகும்னு நீயே கணக்குப் போட்டுக்க.

மூணாவது பிசிபி, முன்கூட்டியே 200 பார் காத்து அடைச்சு வைக்கிறது. ஸ்டெயர், மொரினி, வால்தர், ஃபைன்வெர்க்பாவ், பார்டினி எல்லாம் இதுதான், டிவில பாக்கிறது எல்லாம் இதுதான். லட்சத்தத் தாண்டும், உன் கணக்குல இல்ல. குறைஞ்ச விலையில ஹேமர்லி ஏபி20-னு ஒண்ணு ஆரம்ப ஆளுங்களுக்காகவே பண்ணினது, எடையும் 900 கிராமுக்குள்ள, தங்கச்சி மாதிரி பிள்ளைங்களுக்கு நல்லா இருக்கும், ஆனா அதுவும் 40-க்குள்ள புதுசா வராது. செகண்ட் ஹேண்ட்ல பாக்கலாம், அதுக்கு கீழ வாறேன்.

பிசிபில விலைய விட பெரிய கேள்வி, காத்து எங்க அடிப்ப? சைக்கிள் கடைல அடிக்க முடியாது. ஸ்கூபா சிலிண்டர் வேணும், இல்லன்னா கைப்பம்ப். நம்ம மாவட்டத்துக்கு தென்மேற்கு மழையும் உண்டு, வடகிழக்கு மழையும் உண்டு, போதாததுக்கு கடக்காத்து, ஈரம் எப்பவும் இருக்கும். அந்த ஈரக் காத்த கைப்பம்ப்ல 200 பாருக்கு அமுக்கினா தண்ணி சிலிண்டருக்குள்ள போயி சேரும். பம்புக்கு ஈரம் உறிஞ்சுற ஃபில்டர் கண்டிப்பா வேணும், நடுவுல நடுவுல நிறுத்தி ஆற விட்டு அடிக்கணும். இதுல ஒரு பயங்கரக் கதை. எனக்குத் தெரிஞ்ச ஒரு பையன், பம்ப் அடிச்சு சலிச்சுப் போயி, ஒரு வெல்டிங் பட்டறைல "அண்ணே ஆக்சிஜன் சிலிண்டர்ல இருந்து கொஞ்சம் ஏத்தி விடுங்க"ன்னு கேட்டுருக்கான், அவரும் கனெக்டர் தேடிட்டு இருந்துருக்காரு, நல்ல காலம் கிடைக்கல. ஆக்சிஜன் ஒருக்காலும் கூடாது. உள்ள ஒரு துளி எண்ணெய் இருந்தா போதும், வெடிச்சிரும், கையோட போயிரும். காத்து மட்டும்தான், அதும் சுத்தமான காய்ஞ்ச காத்து.

எண்ணெய்ன்னதும் ஞாபகம் வருது. என் மச்சான் குளச்சல் பக்கம், வீட்டுல இருந்து கடல் சத்தம் கேக்கும், இரும்பு எத வச்சாலும் ரெண்டு வாரத்துல செவந்துரும். பிஸ்டல் துரு பிடிக்கக் கூடாதேன்னு தேங்காண்ணெய தாராளமா விட்டுட்டான், ட்ரிக்கருக்குள்ள, பம்புக்குள்ள, எங்கெல்லாம் ஓட்டை உண்டோ அங்கெல்லாம். மார்கழில குப்பிக்குள்ள தேங்காண்ணெய் உறையும்லா, அது மாதிரி உள்ள உறைஞ்சு, தூசியும் சேந்து, ட்ரிக்கர் சப்பாத்தி மாவு மாதிரி ஆயிட்டுது, சீல் எல்லாம் ஊதிப் போச்சு. காத்து போற பாகத்துக்கு சிலிக்கான் கிரீஸ், அதும் கடுகளவு. வெளிய இரும்புக்கு துப்பாக்கி எண்ணெய் தொட்ட துணி. சுட்டு முடிச்சதும் கை வேர்வைய தொடச்சிட்டு, பெட்டிக்குள்ள அந்த சிலிக்கா பொட்டலம் நாலு போட்டு வை, மாத்திரை டப்பா, செருப்பு டப்பாவுல வருமே அதுதான். கடலோரம்னா மாசத்துக்கு ஒருக்க பொட்டலத்த மாத்து. லீவர் பிஸ்டல் நம்ம ஊருக்கு நல்லதுன்னு சொன்னதுக்கு காரணம் இதுதான், ஈரம் தங்க உள்ள சிலிண்டரே கிடையாது, ரிப்பேர்னா ரெண்டு ரப்பர் சீல் மாத்தினா தீந்துது.

எலக்ட்ரானிக் ட்ரிக்கர் பிஸ்டல் யாராவது பழசு விக்கேன்னு வந்தா, முதல் பிஸ்டலா அது வேண்டாம். டோக்கியோ ஒலிம்பிக்ல மனு பாக்கருக்கு தகுதிச் சுற்று நடுவுல பிஸ்டல் மக்கர் பண்ணி, சரி பண்ணிட்டு திரும்ப வாறதுக்குள்ள நேரம் போயி, ஃபைனலுக்குள்ள போக முடியல. அதே பொண்ணு 2024 பாரிஸ்ல ரெண்டு வெண்கலம் எடுத்துது, அது வேற கதை. அவ்வளவு பெரிய ஆளுக்கே, பக்கத்துல டெக்னீஷியன் இருக்கும்போதே அந்தப் பாடு. உனக்கு ரிப்பேருன்னா பார்சல் கட்டி வெளியூரு அனுப்பணும், எப்ப திரும்ப வரும்னு சொல்ல முடியாது.

கடைல கையில எடுத்தா என்ன பாக்கணும்? கைப்பிடிதான் முதல்ல. பிஸ்டல பிடிச்சு கண்ண மூடு, கைய தூக்கி கார்டு பக்கம் நீட்டு, கண்ணத் தொற. முன் சைட்டு பின் சைட்டுக்கு நடுவுல தானா நிக்கணும். ஒரு பக்கம் சாஞ்சு நின்னா பிடி உனக்குச் சேரல. மேட்ச் பிடி எல்லாம் ஸ்மால், மீடியம், லார்ஜ்னு வரும், இடது கைக்குத் தனி. கொஞ்சம் பெருசா இருந்தா பரவாயில்ல, எம்-சீல் வாங்கி பிசைஞ்சு பிடில அப்பி, ஈரக் கையால ஒருக்க அழுத்திப் பிடிச்சு காய விட்டா உன் கை ரேகை மாதிரி பள்ளம் விழும், அப்புறம் அரம் வச்சு தேச்சுக்கலாம், இங்க பாதி ஷூட்டருங்க பிடில அந்த சாம்பல் நிற ஒட்டு இருக்கும். சின்னதா போச்சுன்னாலும் ஒட்டுப் போடலாம். இடது கைக்காரனுக்கு வலது பிடிய மட்டும் ஒண்ணும் பண்ண முடியாது.

ட்ரிக்கர். காலியா இருக்கான்னு ரெண்டு தடவ பாத்துட்டு, காக் பண்ணி, மூக்கு நேரா மேல பாக்க வச்சு, ஒரு கம்பிக் கொக்கில அரைக்கிலோ சீனிப் பொட்டலத்த தொங்க விட்டு ட்ரிக்கர்ல மாட்டி மெதுவா தூக்கு. விழுந்துட்டா 500 கிராமுக்கு கீழ, மேட்ச்ல தூக்கி வெளிய வச்சிருவாங்க. பொட்டலத்த தாங்கி நின்னு, இன்னும் கொஞ்சம் எடை சேத்தா விழுந்துன்னா அருமை. ஒன்றரைக் கிலோ சேத்தும் விழலன்னா அந்தச் சவத்த அங்கனயே வச்சிட்டு வா. போட்டில எல்லாம் இதே மாதிரிதான் எடை தொங்க விட்டுப் பாப்பாங்க. எடைய விட முக்கியம் அந்த ரெண்டு கட்டம், முதல்ல லேசா ஒரு இழுப்பு, அப்புறம் ஒரு சுவரு மாதிரி நிக்கும், அதுக்கு மேல கண்ணாடி ஒடையிற மாதிரி டக்குனு விடணும். மணல்ல காலு இழுக்கிற மாதிரி வந்தா வேண்டாம். பின் சைட்டு ரெண்டு பக்கமும் கிளிக் கிளிக்னு திரும்பணும், இறுக்கமா நிக்கணும், விரலால தட்டினா ஆடக்கூடாது.

எடை. வீட்டுல ஒரு லிட்டர் தண்ணி பாட்டில நிரப்பி தங்கச்சிய ஒத்தக் கையால தோள் உயரத்துக்கு நீட்டிப் பிடிக்கச் சொல்லு. பிஸ்டல் எடை ஏறக்குறைய அவ்வளவுதான். பத்து செகண்டுல கை கீழ எறங்குச்சுன்னா இப்ப பிஸ்டல் வாங்க அவசரமே இல்ல, ரெண்டு மாசம் பாட்டில பிடிக்கட்டும், ஓசி பயிற்சி.

செகண்ட் ஹேண்ட் பத்தி. ஸ்டேட் மேட்ச் நடக்கிற இடத்துல வித்துட்டு பெருசு வாங்கப் போற பிள்ளைங்க நிறைய பேரு இருப்பாங்க, உன் 40 ஆயிரத்துக்கு புதுசுல கிடைக்காத தரம் அங்க கிடைக்கலாம். பிசிபின்னா சிலிண்டர்ல தயாரிச்ச தேதி அடிச்சிருக்கும், பொதுவா பத்து வருஷம்தான் கணக்கு, அது முடிஞ்ச சிலிண்டர மேட்ச்ல ஏத்த மாட்டாங்க, புது சிலிண்டர் விலைய கழிச்சிட்டுத்தான் பேரம் பேசணும். ராத்திரி மீட்டர்ல எத்தன பார்னு போட்டோ எடுத்துட்டு காலைல பாரு, எறங்கியிருந்தா லீக்கு. பில்லு இல்லாத பிஸ்டல தொடவே தொடாத. விக்கிறவரு ஆதார் காப்பி, பழைய பில்லு, எழுதிக் குடுத்த பேப்பரு எல்லாம் சேத்து வச்சுக்க. கடைல புதுசா வாங்கினாலும் ஐடி, அட்ரஸ் ப்ரூஃப் கேப்பாங்க, குடுக்கணும்.

அந்த பில்லு காப்பி எப்பவும் பெட்டிக்குள்ளயே இருக்கட்டும். 2020 ஜனவரில களியக்காவிளை செக்போஸ்ட்ல ட்யூட்டில இருந்த எஸ்எஸ்ஐ-ய சுட்டுக் கொன்னது நம்ம எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அந்த வழில பஸ்ல பைக்குள்ள துணி சுத்தி ஒரு பிஸ்டல் கொண்டு போறேன்னா நீயே உனக்கு குழி வெட்டுறன்னு அர்த்தம். பூட்டுற பெட்டி, காலியான பிஸ்டல், குழலுக்குள்ள சேஃப்டி கயிறு, பெல்லட் தனியா, பில்லு, கிளப் கார்டு. போலீஸ் கேட்டா நீயா பெட்டிய தொறக்காத, "ஏர் பிஸ்டல் சார், ஸ்போர்ட்ஸ், பில்லு இருக்கு"ன்னு சொல்லிட்டு அவிய சொன்னப்புறம் தொற.

களியக்காவிளைய ஏன் சொல்றேன்னா, உனக்குப் பக்கத்துல உருப்படியான பெரிய ரேஞ்சுன்னா திருவனந்தபுரம் வட்டியூர்க்காவுதான், 2015 நேஷனல் கேம்ஸுக்காக கட்டினது. தக்கலைல இருந்து காலைல போயிட்டு மத்தியானம் வீட்டுல சோறு திங்கலாம். ஆனா தமிழ்நாடு சார்பா மேட்ச் சுடணும்னா நம்ம மாநில சங்கத்துல பதிவான ஒரு ரைஃபிள் கிளப்ல மெம்பரா இருக்கணும், அத மறந்துராத. எதையும் வாங்குறதுக்கு முன்னாடி ஒரு கிளப்ல சேந்து ரெண்டு மூணு மாசம் அங்க உள்ள பிஸ்டலையே சுடு. பாயிண்ட் 22 ஆசையும் அங்கயே தீந்துரும், கிளப் துப்பாக்கில, கோச் பக்கத்துல நிக்க. எவன் எத வச்சு என்ன ஸ்கோர் எடுக்கான்னு கண்ணால பாத்தா, அதுக்கப்புறம் கடைக்காரன் உன்ன ஏமாத்த முடியாது.

வீட்டுல சுட பத்து மீட்டர் கிடைக்கலன்னா அஞ்சு மீட்டர்ல கார்ட பாதி அளவுக்கு பிரிண்ட் எடுத்து சுடலாம். பின்னால என்ன வைக்கிறோம்ங்கிறதுதான் முக்கியம். குலசேகரம் பக்கம் ஒரு கூட்டுக்காரன், வீட்டுல ரப்பர் ஷீட்டுக்கு பஞ்சமா, நாலு ஷீட்ட மடிச்சு தொங்க விட்டு சுட்டுருக்கான். பெல்லட்டு துள்ளித் திரும்பி வந்து நெத்தில பட்டுது, கண்ணாடி போட்டதால தப்பிச்சான். ரப்பர், கட்டி மரம், வெறும் சுவரு எதுவும் ஆகாது. ஒரு ஆழமான இரும்புப் பெட்டி, பின் தகடு கீழ் நோக்கி சாஞ்சு இருக்கணும், முன்னால பழைய வாரப் பத்திரிகைய ஒரு ஜாண் கனத்துக்கு கட்டி வை, அதுக்கு முன்னால கார்டு. பின்னால நிச்சயமா ஆளு நடமாட்டம் இல்லாத சுவரு. கார்டு மேல நல்ல வெளிச்சம், ஒரு எல்இடி ஃபோக்கஸ் லைட்டு போதும், மேட்ச் கணக்கு 1500 லக்ஸ். காக்கா, மைனா, அணில் பக்கம் திருப்பினா வனத்துறை கேஸ், அத்தோட உன்ன எந்த கிளப்பும் ஏறெடுத்துப் பாக்காது.

பெல்லட்டு தட்ட மூக்கு உள்ளதா வாங்கு, கார்டுல பொத்தல் போடுற மெஷின் வச்ச மாதிரி வட்டமா ஓட்டை விழும், ஸ்கோர் எண்ண லேசு. கூர் மூக்கு கிழிச்சிரும். பொதுவா டப்பாவுக்கு 500 இருக்கும், ஒழுங்கா பழகினா ஒரு வாரம் பத்து நாள். ஈயம், அதனால சுட்டுட்டு சோப்பு போட்டு கைய கழுவாம ஏத்தங்கா சிப்ஸ்ல கைய விட்டுராத, பிள்ளைங்க பெல்லட்ட வாயில வச்சுக்கிட்டு லோடு பண்ணும், கண்டா அடி போடு. நம்ம ஈரத்துக்கு தொறந்து வச்ச டப்பாவுல வெள்ளையா பொடி பூக்கும், அப்பிடி ஆனத தூரப் போடு.

உன் 40 ஆயிரத்த நான் எப்பிடி பிரிப்பேன்னா, பாதிக்கு கொஞ்சம் மேல பிஸ்டலுக்கு, மிச்சம் பெல்லட்டு, கார்டு, கண்ணாடி, பெட்டி, கிளப் சந்தா, பஸ் டிக்கெட்டு. முப்பத்தொம்பதாயிரத்துக்கு பிஸ்டல் வாங்கிட்டு பெல்லட்டுக்கு காசில்லாம ஞாயித்துக்கிழமைக்கு பத்து ஷாட் சுடுறவன நான் நிறைய பாத்துட்டேன். நல்ல லீவர் பிஸ்டல் கையில கிடைச்சா கண்ண மூடிட்டு அத எடு. கிடைக்கலன்னா சிபி1 இனத்துல ஒண்ண எடுத்து காலைல மட்டும் சுடு. தங்கச்சி ஒரு வருஷம் தாங்கிட்டா அப்ப அவளுக்குன்னு பிசிபி பாக்கலாம், பழச வித்துரலாம். பெல்லட் இல்லாத நாள்ல வெள்ளச் சுவத்தப் பாத்து இருபது நிமிஷம் வெறும் ட்ரிக்கர் இழுக்கிறது, முன் சைட்டு அசையாம டக் வரணும், அதுதான் பாதி பயிற்சி. ஸ்பிரிங் பிஸ்டல்ல மட்டும் அப்பிடி வெறுமன இழுக்காத, உள்ள ஒடைஞ்சிரும்.

கடைக்குப் போறதுக்கு முன்னால ஒண்ணு பண்ணு. நோட்டுப் பேப்பர்ல உன் கையையும் தங்கச்சி கையையும் விரல விரிக்காம வச்சு பென்சிலால வரைஞ்சுக்க, நடுவிரல் நுனில இருந்து மணிக்கட்டு ரேகை வரைக்கும், உள்ளங்கை அகலம், ரெண்டையும் அளந்து ஓரத்துல எழுதிக்க. விக்கிறவரு பிடி சைஸ் என்னன்னு கேப்பாரு, "மீடியம்னு நினைக்கேன்"னு சொல்லாத, பேப்பர எடுத்து நீட்டு.